மூன்றாம் நாள் தவிப்பு

சிகரெட்டை விட்டவர்கள் யாரைக் கேட்டாலும் ஒரு கணக்குச் சொல்வார்கள். முதல் நாள் வீம்பிலேயே ஓடிவிடும். இரண்டாம் நாள் வீட்டில் யார் பேசினாலும் எரிச்சல் வரும். மூன்றாம் நாள்தான் ஆளைத் தின்னும். தூக்கம் இல்லை, கை எதையோ தேடுகிறது, செய்தித்தாளில் ஒரே பத்தியை நான்கு தடவை படித்தும் மண்டையில் ஏறவில்லை.

மருத்துவர்கள் சொல்வதும் இதற்கு வெகு தூரத்தில் இல்லை. ரத்தத்தில் உள்ள நிகோடின் ஏறக்குறைய 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே போகிறது. அது வற்றிப்போன முதல் சில நாட்களில் தொல்லைகள் உச்சத்தில் இருக்கின்றன. 2 முதல் 4 வாரங்களில் பெரும்பாலும் அடங்கிவிடுகின்றன. ஒவ்வொரு தவிப்பும் அலை மாதிரி எழுந்து தணிவதற்குச் சில நிமிடங்கள்தான் ஆகும். அந்தச் சில நிமிடங்களைத் தாண்ட முடியாமல்தான் இத்தனை பேர் தோற்றுப்போகிறார்கள்.

தோற்றவர்களில் பெரிய மனிதர்களும் உண்டு. உளப்பகுப்பாய்வின் தந்தை என்று நாம் படித்த சிக்மண்ட் ஃப்ராய்ட் ஒரு நாளைக்கு 20 சுருட்டு வரை பிடித்தவர். 1894 வாக்கில் அவருக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகப் போயிற்று. பெர்லினில் இருந்த அவருடைய நண்பர் ஃப்லீஸ் ஒரு டாக்டர். புகையை விட்டே ஆகவேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். ஃப்ராய்டும் விட்டுப் பார்த்தார். அந்த நாட்களில் பட்ட அவஸ்தையை நண்பருக்குக் கடிதம் கடிதமாக எழுதியிருக்கிறார். பிறகு மறுபடியும் சுருட்டை எடுத்துவிட்டார். 1923ல் வாயில் புற்றுநோய் என்று தெரிந்தது. அதன்பின் முப்பதுக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள் நடந்தன. மேல்தாடையில் வெட்டி எடுத்த இடத்தில் செயற்கைத் தாடை பொருத்தினார்கள். அத்தனைக்குப் பிறகும் சுருட்டு நிற்கவில்லை. 1939ல் லண்டனில் இறந்தார். மனித மனதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்த மனிதருக்கே இந்தக் கதி என்றால், இதை வெறும் மனவுறுதிக் குறைவு என்று சொல்லிவிட்டுப் போக முடியுமா?

ஆனால் உலகம் வெகுகாலம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தது. 1942ல் லெனாக்ஸ் ஜான்ஸ்டன் என்ற ஸ்காட்லாந்து டாக்டர் ஒரு விபரீதமான காரியம் செய்தார். நிகோடினைத் தனக்கே ஊசியாகப் போட்டுக்கொண்டார். விருப்பப்பட்டு வந்த வேறு சிலருக்கும் போட்டார். (நிகோடின் கொடிய விஷம். இந்த ஆராய்ச்சியை யாரும் நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம்.) புகைப்பவர்களுக்கு ஊசி போட்டபின் கொஞ்ச நேரம் சிகரெட் நினைப்பே வரவில்லை. அவருக்கோ 80 ஊசிகளுக்குப் பிறகு சிகரெட்டைவிட ஊசியே பிடித்துப்போயிற்று. நிறுத்தியதும் ஏக்கம் வந்தது. ஆக, நாம் ஏங்குவது புகைக்காக அல்ல, அதற்குள் இருக்கும் மருந்துச் சரக்குக்காக. இதை 'லான்செட்' பத்திரிகையில் எழுதினார். யுத்த காலம். படித்தவர்கள் மறந்துவிட்டார்கள்.

1964ல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் அறிக்கை வந்தது. சிகரெட்டால் நுரையீரல் புற்றுநோய் வருகிறது என்று உலகத்துக்கே உரைத்த அறிக்கை அது. அதிலேயே புகைப்பது ஒரு பழக்கம்தான், அடிமைத்தனம் அல்ல என்றும் எழுதியிருந்தார்கள். 24 வருடம் கழித்து, 1988ல், எவரெட் கூப் தலைமை மருத்துவராக இருந்தபோதுதான் அந்தக் கருத்து மாறியது. ஹெராயின், கொக்கேன் போலவே நிகோடினும் ஆளை அடிமையாக்கும் என்று எழுதினார்கள்.

அந்த 24 வருடங்களில்தான் நாங்கள் உத்தியோகம் பார்த்தோம். எங்கள் பிரிவில் ஒரு சூப்பிரண்டெண்ட் இருந்தார். ஒவ்வொரு தீபாவளிக்கும் சிகரெட்டை விடுவார். சட்டைப் பையில் கிராம்பும் ஏலக்காயும் நிறைந்திருக்கும். மூன்றாம் நாள் கோப்பைத் தூக்கி எறிவார், பியூனைத் திட்டுவார். நான்காம் நாள் டீக்கடைக் கயிற்று நெருப்பில் பற்றவைத்துக்கொண்டு நிற்பார். "சாருக்கு வைராக்கியம் மூணு நாள்தான்" என்று பிரிவே சிரிக்கும். அதே மனிதர் சபரிமலைக்கு மாலை போட்டால் ஒரு மண்டலம் வெறுந்தரையில் படுத்து, விடியுமுன் பச்சைத் தண்ணீரில் குளிப்பவர். வைராக்கியத்துக்கு அவரிடம் பஞ்சம் இருந்ததே இல்லை.

இதற்கு ஒரு கைத்தடி கிடைத்த கதை ஸ்வீடன் நாட்டில் நடந்தது. லுண்ட் நகரப் பல்கலைக்கழகத்தில் கிளாஸ் லுண்ட்கிரென் என்ற உடலியல் ஆராய்ச்சியாளர் இருந்தார். விமானத்திலும் கடலுக்கடியிலும் வேலை செய்பவர்களின் உடல்நிலையை ஆராய்வது அவர் துறை. நீர்மூழ்கிக் கப்பலுக்குள் அடைபட்ட காற்று, புகைக்க முடியாது. கரையில் பெட்டி பெட்டியாக ஊதும் மாலுமிகள் உள்ளே எப்படிச் சமாளிக்கிறார்கள்? ஸ்னூஸ் என்ற ஈரப் புகையிலைத் தூளை மேலுதட்டுக்கு அடியில் ஒதுக்கிக்கொள்கிறார்கள். தவிப்பு அடங்கிவிடுகிறது. இதைக் கவனித்த லுண்ட்கிரென் 1967 டிசம்பரில் தன் நண்பர் ஊவே ஃபெர்னோவுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஃபெர்னோ, ஹெல்சிங்போரி நகரில் லியோ என்ற மருந்துக் கம்பெனியில் ஆராய்ச்சிப் பிரிவின் தலைவர். அவரும் நிறையப் புகைப்பவர். வாய் வழியாக நிகோடின் கொடுத்தால் சிகரெட்டை விடலாமே என்பதுதான் கடிதத்தின் சாரம்.

சொல்வது சுலபம். நிகோடினை மாத்திரையாக விழுங்கினால் வயிற்றைக் குடைவதோடு, கல்லீரலே பெரும்பகுதியைச் சிதைத்துவிடும். கன்னத்தின் உட்தோல் வழியாகத்தான் ரத்தத்தில் ஏறவேண்டும். அதுவும் குபீரென்று ஏறாமல் கொஞ்சம் கொஞ்சமாக. ஃபெர்னோ குழுவினர் நிகோடினை ஒரு பிசினோடு பிணைத்துச் சூயிங்கத்தில் வைத்தார்கள். மென்றால்தான் அது அவிழ்ந்து வரும். அப்படியும் போதிய அளவு ரத்தத்தில் ஏறவில்லை. எச்சில் புளிப்பாக இருந்தால் நிகோடின் தோலைத் தாண்டாது, காரமாக இருந்தால் தாண்டும். ஆகவே சோடா உப்பு வகையைச் சேர்த்தார்கள். ஏறியது.

இங்கே எனக்கு என் ஆச்சியின் வெற்றிலைச் செல்லம் நினைவுக்கு வருகிறது. புகையிலை போடுகிறவர்கள் சுண்ணாம்பு தடவாமல் போடமாட்டார்கள். "சுண்ணாம்பு இல்லாட்டா பிடிக்காது" என்பாள் ஆச்சி. சுண்ணாம்பும் காரம்தான். ஸ்வீடன் விஞ்ஞானிகள் கம்பெனிச் செலவில் கண்ட ரசாயனம் நம் வீட்டுத் திண்ணையில் எத்தனையோ தலைமுறையாக நடந்துகொண்டிருந்தது! பெருமைப்பட இதில் ஒன்றும் இல்லை. புகையிலையும் பாக்கும் வாய்ப் புற்றுநோய் தருபவை. சிகரெட்டை விடுகிறேன் என்று புகையிலையை அடக்கிக்கொள்வது எண்ணெய்ச் சட்டியிலிருந்து அடுப்பில் விழுவதுதான்.

சூயிங்கம் தயாரான பிறகும் கதவு திறக்கவில்லை. புகைப்பது நோயல்லவே, பழக்கம்தானே, அதற்கு எதற்கு மருந்து என்ற எண்ணம் மருந்து அதிகாரிகளுக்கும் இருந்தது. 1978ல் சுவிட்சர்லாந்துதான் முதலில் அனுமதித்தது. 'நிகோரெட்' என்ற பெயரில் கடைக்கு வந்தது. அமெரிக்காவுக்குப் போய்ச் சேர 1984 ஆகிவிட்டது.

லண்டனில் மைக்கேல் ரஸ்ஸல் என்ற மனநல மருத்துவர் இதைக் கையில் எடுத்தார். ஜனங்கள் புகைப்பது நிகோடினுக்காக, சாவதோ புகையிலுள்ள தாரினால் என்று 1976லேயே எழுதியவர் அவர். 1982ல் அவர் குழுவினர் வெளியிட்ட ஆய்வில் 116 பேரை இரண்டாகப் பிரித்து, 58 பேருக்கு நிகோடின் கம்மும் 58 பேருக்குப் பெயருக்கு ஒரு கம்மும் கொடுத்தார்கள். ஒரு வருடம் கழித்துப் புகைக்காமல் இருந்தவர்கள் முதல் கூட்டத்தில் 27 பேர், இரண்டாவதில் 12 பேர். இதை நான் இரண்டு விதமாகப் படிக்கிறேன். கம் உதவுகிறது என்பது ஒன்று. கம் மென்றும் 31 பேரால் முடியவில்லை என்பது இன்னொன்று. பிற்காலத்து ஆய்வுகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தவர்கள், விடும் வாய்ப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆகிறது என்கிறார்கள். கைத்தடி என்று நான் சொன்னது இதனால்தான். கைத்தடி நடக்காது, நாம்தான் நடக்கவேண்டும்.

ரஸ்ஸலின் இன்னொரு ஆய்வு எனக்கு இதைவிடப் பிடிக்கும். 1979ல் வந்தது. லண்டன் குடும்ப டாக்டர்கள், வேறு எதற்கோ வந்த நோயாளிகளிடம் ஓரிரு நிமிடம் "சிகரெட்டை விட்டுவிடுங்கள்" என்று சொல்லி, ஒரு துண்டுப் பிரசுரம் கொடுத்து, பிறகு விசாரிப்போம் என்றும் எச்சரித்து அனுப்பினார்கள். ஒரு வருடத்தில் அவர்களில் 5.1 சதவீதம் பேர் விட்டிருந்தார்கள். ஒன்றும் சொல்லாமல் விட்டவர்களில் 0.3 சதவீதம். நம் ஊர் டாக்டர்கள் சீட்டு எழுதும்போது இந்த ஓரிரு நிமிடத்தைக் கொடுத்தால் எத்தனை வீடுகள் பிழைக்கும்!

தோலில் ஒட்டும் பட்டையும் பின்னால் வந்தது. புகையிலை பறிக்கும் கூலிகளுக்கு ஈர இலை தோலில் பட்டே மயக்கமும் வாந்தியும் வருவதிலிருந்து அமெரிக்காவில் மர்ரே ஜார்விக் என்ற பேராசிரியருக்குத் தோன்றிய யோசனை அது.

போன மாதம் என் நண்பர் ஒருவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். வயது 71. கல்லூரி நாளிலிருந்து சிகரெட். "இனி ஒன்றுகூடக் கூடாது" என்றதோடு அனுப்பிவிட்டார்களாம், எப்படி என்று யாரும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் இரவு 11 மணிக்குப் போன் செய்தார். குரலில் அழுகை. நான் டாக்டர் இல்லை, படித்ததைச் சொன்னேன். கம் வேண்டுமானால் முதலில் இதய டாக்டரைக் கேளுங்கள். சூயிங்கம் மாதிரி சவைத்துத் தள்ளக்கூடாது. நாக்கில் சுருக்கென்றதும் மெல்லுவதை நிறுத்திக் கன்னத்தில் ஒதுக்கிவைக்க வேண்டும், அடங்கினால் மறுபடி மெல்ல வேண்டும். அதற்குக் கால் மணி முன்பிருந்து காபியோ பழச்சாறோ கூடாது, புளிப்பு பட்டால் நிகோடின் ஏறாது.

காபியைப் பற்றி இன்னொன்றும் உண்டு. சிகரெட் புகை, காபியிலுள்ள கஃபீனை உடம்பு வேகமாகச் செரிக்கவைக்கிறது. புகை நின்றதும் அந்த வேகம் குறைந்து, அதே நான்கு டம்ளர் காபி உடம்பில் இரு மடங்காக நிற்கும். படபடப்பும் தூக்கமின்மையும் சிகரெட்டை விட்டதால் வந்ததாகத் தோன்றும், பாதி காபியின் வேலையாக இருக்கும். நண்பர் கும்பகோணத்துக்காரர். சிகரெட்டை விடச் சொன்னபோதுகூட அவர் இவ்வளவு கலங்கவில்லை.

இருந்தாலும் நான்கை இரண்டாக்கினார். கம் வாங்கவில்லை. தவிப்பு வரும்போது கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு தெருமுனைப் பிள்ளையார் கோயில் வரை நடந்து திரும்புகிறார். போக வர 7 நிமிடம். திரும்புவதற்குள் பெரும்பாலும் தணிந்துவிடுகிறதாம். சிகரெட் பெட்டியிலேயே அச்சடித்திருக்கும் 1800-11-2356 என்ற இலவச எண்ணுக்கும் ஒருமுறை பேசியிருக்கிறார். இன்றோடு 26 நாள். இரவு 11 மணிக்கு என் போன் அடித்துப் பத்து நாளுக்கு மேல் ஆகிறது. பகலில் கூப்பிடுகிறார், பெரும்பாலும் இரண்டாவது காபி எத்தனை மணிக்கு என்று கேட்க.