பெயர்ச்சீட்டும் கையும்: 20ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு வயலின் உருவான வரலாறு

வயலினின் வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் 1737இல், அந்தோனியோ ஸ்த்ராதிவாரி இறந்த ஆண்டோடு, பேனாவை மூடிவிடுகிறார்கள். அதற்குப் பின் வந்ததெல்லாம் நகல் என்று ஒரு வரியில் கடந்துபோவதும் உண்டு. இந்தப் பார்வையால் மிகவும் நசுங்கிப்போனது 20ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு வயலின். மேடையில் வாசித்துப் பிழைக்கும் கலைஞர்களுக்கு அது நூறாண்டுகளாக நம்பிக்கையான கருவி. ஆய்வேடுகளிலோ ‘தொழிற்சாலைச் சரக்கு’ என்ற முத்திரைதான் அதற்குக் கிடைத்தது. அந்த முத்திரை பாதி உண்மை. தொழிற்சாலைகள் பெருகிய ஊரில்தான் இந்தக் கருவி வளர்ந்தது. ஆனால் அதன் சிறந்த முகம் வெளிப்பட்டது அந்தத் தொழிற்சாலைகளின் பிடி தளர்ந்த இடங்களில்தான் என்பது இக்கட்டுரையின் வாதம்.

கதைக்கு இரண்டு ஊர்கள். ஒன்று, பிரான்சின் வடகிழக்கே வோழ் மலைப்பகுதியை ஒட்டிய லொரேன் நாட்டுச் சிற்றூர் மிரெகூர். அங்கே வயலின் செய்வோர் சங்கத்துக்கு 1732இலேயே சாசனம் கிடைத்துவிட்டது. மற்றது பாரிஸ். 1795இல் அங்கே கன்செர்வத்துவார் இசைக்கல்லூரி தொடங்கப்பட்டது. அதற்குச் சற்று முன்பே ஓர்லெயானிலிருந்து பாரிஸுக்கு வந்துசேர்ந்த நிகோலா லூப்போ (1758–1824), ஸ்த்ராதிவாரியின் வடிவத்தைப் பிரெஞ்சு வயலினின் இலக்கணமாகவே ஆக்கிவிட்டார். கல்லூரியில் முதல் பரிசு பெறும் மாணவருக்குப் புதிய வயலின் ஒன்றைப் பரிசாகத் தரும் வழக்கம் வேரூன்றியது. அதன் விளைவு பெரிது. பழைய கருவிகளுக்கு மட்டுமே மதிப்பிருந்த தொழிலில், பயிற்சி முடித்து வெளியேறும் தேர்ந்த வாசிப்பாளரின் கையில் ஆண்டுதோறும் புத்தம்புது வயலின் போய்ச் சேர்ந்தது. 1887இல் 12 வயதில் முதல் பரிசு வென்ற வயலின் கலைஞர் ஃபிரிட்ஸ் கிரைஸ்லர் அப்படிப் பரிசு பெற்ற வரிசையில் ஒருவர்.

இங்கே தொழில்நுட்பத்தில் ஒரு திருப்பத்தைக் கவனிக்க வேண்டும். இன்று கச்சேரியில் ஒலிக்கும் ஸ்த்ராதிவாரி எதுவும் அவர் செய்து கொடுத்த நிலையில் இல்லை. 1800ஐ ஒட்டி அரங்குகள் பெரிதாயின, தந்தியின் இழுவிசை கூடியது, சுருதியும் ஏறியது. பழைய கருவிகளைத் திறந்து, கழுத்தை நீட்டிச் சாய்த்துப் பொருத்தி, விரற்பலகையை நீளமாக்கி, மேற்பலகையின் அடியில் ஒட்டிய பேஸ் பார் என்ற மரச்சட்டத்தைத் தடிமனாக்கினார்கள். இந்த மராமத்தைப் பெருமளவில் செய்தவை பாரிஸ் பட்டறைகள். ஆகவே புது வயலின் செய்ய உட்கார்ந்தபோது, எந்தப் பாரத்தை அது தாங்க வேண்டும் என்பது அவர்களுக்குக் கைக்கணக்காகத் தெரிந்திருந்தது. பிற்காலப் பிரெஞ்சு வயலின் பிறக்கும்போதே நவீன அரங்குக்காகப் பிறந்தது. முதல் உலகப் போரையொட்டிய காலத்தில் ஈ தந்தி ஆட்டுக்குடலிலிருந்து எஃகுக்கு மாறியபோது, சற்றுக் கனமாகவே விடப்பட்ட அதன் பலகைகள் கூடுதல் அழுத்தத்தைச் சிரமமின்றி ஏற்றன.

மிரெகூரில் பிறந்து 1818இல் பாரிஸுக்கு வந்த ழான்-பப்தீஸ்த் வுய்யோம் (1798–1875) இந்தத் தொழிலின் வணிக முறையை வகுத்தவர். அவர் பட்டறைப் பெயரில் 3,000க்கு மேற்பட்ட கருவிகள் வெளிவந்தன. ஒரு மனிதன் தன் வாழ்நாளில் செய்து முடிக்கக்கூடிய எண்ணிக்கை அல்ல அது. மிரெகூரிலிருந்து தேர்ந்த இளைஞர்கள் வந்து செய்தார்கள், பெயர் முதலாளியுடையது. 1855இல், இறந்துபோன இத்தாலிய வணிகர் லூயிஜி தாரிஸியோவின் சேகரிப்பை மொத்தமாக வாங்கி, 1716ஆம் ஆண்டின் ‘மெஸ்ஸையா’ ஸ்த்ராதிவாரியை வுய்யோம் தன்வசமாக்கினார். அசல் பக்கத்திலேயே இருந்ததால் நகலின் துல்லியம் கூடியது. அச்சு முறையும் அதற்குத் துணை நின்றது. ஸ்த்ராதிவாரியின் ஊரான கிரெமோனாவின் கைவினைஞர்கள் உள்ளே வைத்த மர அச்சைச் சுற்றி வயலினின் பக்கச் சுவர்களை வளைத்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் சட்டம்போன்ற வெளியச்சுக்குள் அவற்றை அடக்கினார்கள். வெளிக்கோடு பிசகாமல் பத்து வயலினுக்கும் ஒரே மாதிரி வரும். இந்த ஒழுங்கை ‘உயிரற்றது’ என்று குறைசொல்வோர் உண்டு. தொழில்முறை வாசிப்பாளருக்கு அது வசதி என்பதே என் கருத்து. கழுத்தின் அளவும், தந்திகளைத் தாங்கும் குதிரை நிற்கும் இடத்துக்கான 195 மி.மீ. தூரமும் சீராக இருந்தால், ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது விரல் தடுமாறாது.

லூப்போவின் நேர்வழி வாரிசாக ஒரு பாரிஸ் நிறுவனம் இருந்தது. அவருடைய மாணவர் கானின் குடும்பம், 1866இல் பெர்னார்தெல் சகோதரர்களுடன் கூட்டு, 1901இல் அல்பேர் கரேஸா, ஆன்ரி பிரான்சே என்று கைமாறி, 1938இல் எமீல் பிரான்சேயிடம் வந்தது. கல்லூரியின் அதிகாரபூர்வ வயலின் பட்டறை என்ற தகுதியும் உடன் வந்தது. சிவப்பேறிய வார்னிஷ், கூர்மையான விளிம்பு, வரிசை எண், கையொப்பம் என்று கான்-பெர்னார்தெல் வயலின்களையும் கரேஸா-பிரான்சே வயலின்களையும் எளிதில் அடையாளம் காணலாம். 1911இல் கன்செர்வத்துவார் மத்ரீத் தெருவுக்குக் குடிபெயர்ந்ததும் பட்டறைகளும் பின்தொடர்ந்தன. பக்கத்திலுள்ள ரோம் தெரு வயலின் கடைத் தெருவாயிற்று. கல்லூரி 1990இல் லா விலெத்துக்குப் போய்விட்டது. கடைகள் போகவில்லை.

மிரெகூரில் இதற்கிடையே வேறொரு காட்சி. ஜெரோம் திபூவில்-லாமி, லபெர்த் போன்ற நிறுவனங்கள் நூற்றுக்கணக்கானோருக்கு வேலை தந்தன. ஒருவர் சுருள்தலை மட்டும் செதுக்குவார், ஒருவர் பலகை குடைவார், ஒருவர் வார்னிஷ் அடிப்பார். இயந்திரத்தில் குடைந்த மலிவுக் கருவி முதல் கையால் முடித்த உயர்தரம் வரை விலைப்பட்டியலில் படிப்படியாக இருந்தன. உள்ளே ஸ்த்ராதிவாரியின் பெயரை அச்சிட்ட சீட்டு ஒட்டியிருப்பார்கள். ஏமாற்று வேலையல்ல, மாதிரி எது என்று சொல்லும் குறிப்பு. பாட்டியின் பரண்மேல் ஸ்த்ராதிவாரி கிடைத்துவிட்டதாக இன்றும் துள்ளும் குடும்பங்கள் பலவற்றின் கதை இந்தச் சீட்டில்தான் முடிகிறது.

1914–18 போர் இளம் கைவினைஞர்களைப் பட்டறையிலிருந்து படைக்கு இழுத்துப் போனது. 1920களில் தேவை மீண்டும் ஏறியது. ஊமைப்படம் ஓடிய அரங்குகளில் வாத்தியக் குழு வேண்டியிருந்தது, அமெரிக்காவும் வாங்கியது. பிரெஞ்சு வயலினின் சிறந்த பத்தாண்டு என்று நான் கருதுவது இதைத்தான். மார்க் லபெர்த் (1880–1963) பழைய இத்தாலியக் கருவிகளைச் சேகரித்து, அளந்து, அவற்றின் நகல்களைத் தன் உயர்தர வரிசையில் வெளியிட்டார். அதே ஊரில் அமெதே தியுதோனே (1890–1960) சிறு பட்டறை வைத்துச் சொந்தப் பெயரில் செய்தார். பாரிஸில், மிரெகூரிலிருந்து வந்த மார்செல் வத்லோ 1909இலேயே போர்த்தலி தெருவில் கடை திறந்திருந்தார். பால் ழோம்பார் பாரிஸிலும், ஏல் குடும்பம் லீல் நகரிலும் இதே தரத்தில் இயங்கின. வில்லிலும் இதே கதைதான்: மிரெகூரில் பிறந்து பாரிஸில் கடை வைத்த எழேன் சார்த்தோரி (1871–1946) செய்த வில்லை இன்றும் தனி வாசிப்பாளர்கள் தேடி வாங்குகிறார்கள்.

சரிவு வேகமாக வந்தது. பேசும்படம் அரங்கு வாத்தியக்காரர்களை வீட்டுக்கு அனுப்பியது. 1929இன் பொருளாதார வீழ்ச்சி அமெரிக்கச் சந்தையை மூடியது. வானொலியும் இசைத்தட்டும் வீட்டு வாசிப்பைக் குறைத்தன. பின் 1940இன் ஆக்கிரமிப்பு. 1960களின் முடிவில் மிரெகூரின் பெரிய ஆலைகள் இல்லை. ஆனால் இறந்தது மலிவுச் சரக்கு மட்டும்தான். விலை குறைந்த மாணவர் வயலினுக்குச் சந்தை இல்லாத இடத்தில், எஞ்சிய கைவினைஞர் தொழில்முறைக் கலைஞரை மட்டுமே நம்பி வாழ வேண்டியிருந்தது. பிரெஞ்சு வயலின் கலை மறுபடி கைக்குத் திரும்பியதற்கு அழகியல் கொள்கையைவிட இந்த நெருக்கடியே காரணம்.

அந்த மாற்றத்தின் முகம் எத்தியென் வத்லோ (1925–2013). தந்தை மார்செலிடமும், மிரெகூரில் தியுதோனேயிடமும் பயின்றவர். அவருடைய புகழ், அவர் செய்த வயலின்களின் எண்ணிக்கையால் வந்ததல்ல. ஒலி சரிசெய்வதில் வந்தது. மெனுகின், ஐசக் ஸ்டெர்ன், ரொஸ்த்ரோபோவிச் போன்றோர் அவரிடம் கருவியைக் கொண்டுவந்தார்கள். வயலினுக்குள் மேற்பலகைக்கும் அடிப்பலகைக்கும் நடுவே, பசையின்றி அழுத்தத்தால் மட்டும் நிற்கும் சிறு ஸ்ப்ரூஸ் குச்சிதான் சவுண்ட் போஸ்ட். அதை அரை மில்லிமீட்டர் நகர்த்தினாலே ஜி தந்தியின் கனமும் ஈ தந்தியின் கூர்மையும் மாறும். குதிரையின் தடிமன், அதன் பாதங்கள் பலகையில் படியும் விதம், எல்லாமே பேச்சுக்குரியவை. வாசிப்பாளர் சொல்லும் தெளிவற்ற புகாரை மரத்தில் எந்த இடம் என்று கண்டறியும் இந்த உரையாடலை வத்லோ தனிக் கலையாக்கினார். கலைஞரை எதிரே வைத்துக்கொண்டு செய்யும் இந்த வேலை எந்த ஆலையின் விலைப்பட்டியலிலும் இடம்பெற முடியாதது.

இந்தக் கருவிகளை மதிப்பிடுவதில் பெயர்ச்சீட்டு அரைகுறைச் சாட்சி. 1890இன் அமெரிக்க இறக்குமதிச் சட்டம் பொருளின்மேல் நாட்டுப் பெயரைக் கேட்டதால், சீட்டில் ஆங்கிலத்தில் பிரான்ஸ் என்றிருந்தால் ஏறத்தாழக் காலத்தைக் கணிக்கலாம். அதற்குமேல் சீட்டு உதவாது. ஒரு நகரக் கடையின் பெயர் தாங்கிய வயலினை மிரெகூரில் யாரோ செய்து, வார்னிஷ் பூசாத வெள்ளை மரமாகவே அனுப்பியிருக்கலாம். எஃப் துளைகளின் வெட்டு, சுருள்தலையின் விளிம்பு, பலகை ஓரத்தில் பதித்த மெல்லிய இழை மூலையில் சேரும் விதம் ஆகியவற்றில்தான் கை தெரியும். இதற்கான தரவுகளில் ஒரு பகுதி அமெரிக்காவில் கிடக்கிறது. எமீலின் மகன் ழாக் பிரான்சே நியூயார்க்கில் கடை நடத்தினார். அவருடைய புகைப்படங்களும் வணிக ஆவணங்களும் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளன.

1970இல் வத்லோவின் முயற்சியால் மிரெகூரில் தேசிய வயலின் செய்முறைப் பள்ளி திறக்கப்பட்டது. இரண்டாண்டில் வயலின் கைவினைஞர் சிமோனே சக்கோனியின் ஸ்த்ராதிவாரி பற்றிய நூல் வெளிவந்து, கிரெமோனாவின் உள்ளச்சை உலகெங்கும் பரப்பியது. புதிய பிரெஞ்சுத் தலைமுறையில் பலர் தாத்தாக்களின் வெளியச்சைக் கைவிட்டனர். சக்கோனியின் ஆய்வு பெரிது. ஆனாலும் அதன் பின்னால் போன வேகத்தில், ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலான மராமத்து அனுபவத்தில் விளைந்த ஒரு முறை உரிய ஆய்வின்றியே ஒதுக்கப்பட்டது.

2012இல் பாரிஸை அடுத்த வென்சேனில் ஒலியியல் ஆய்வாளர் கிளாதியா ஃபிரிட்ஸும் வயலின் செய்பவரான ஜோசஃப் கர்ட்டினும் நடத்திய சோதனையில், கண்ணை மறைத்துக்கொண்டு பத்துத் தனி வாசிப்பாளர்கள் ஆறு பழைய இத்தாலிய வயலின்களையும் ஆறு புதியவற்றையும் வாசித்தனர். பழையவற்றில் ஐந்து ஸ்த்ராதிவாரிகள். ஆறு பேர் புதியதையே தேர்ந்தார்கள். 2014இல் வெளியான முடிவு பழைய இத்தாலியத்தின் மாயையைப் பெரிதும் கலைத்தது. ஆனால் சோதனையின் அமைப்பில் முந்நூறு வயதும் புத்தம்புதிதும் மட்டுமே இடம்பெற்றன. இசைக்குழுக்களில் அன்றாடம் உழைக்கும் 1925ஆம் ஆண்டு மிரெகூர் வயலினையும் அதே கண்கட்டு விதியில் வைத்துப் பார்த்தால்தான், பழைமை, உழைத்துப் பழகிய மரம், செய்தவரின் கை ஆகிய மூன்றில் எதன் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பேச முடியும்.