கண்காணிப்பா, வேவா?

"ஊழியர்களைக் கண்காணித்த நிறுவனம்" என்று செய்திகளில் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஒப்புவதில்லை. கண்ணால் கண்டு மேற்பார்ப்பவர் கண்காணி. தோட்டத்துக் கங்காணி அதன் பேச்சு வடிவம். இலங்கைக்கும் மலாயாவுக்கும் ஆள் சேர்த்து, பக்கத்தில் நின்று வேலை வாங்கியவர் அவர். அவரால் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆனாலும் தம்மைப் பார்ப்பவர் யாரென்று தொழிலாளிக்குத் தெரியும். தேர்வறைக் கண்காணிப்பாளரும் கண்ணெதிரே நிற்பவர்தான். பிரான்ஸில் அறைகலன் விற்கும் ஐகியா நிறுவனம் செய்தது வேறு. தனியார் துப்பறிவாளர்களுக்குப் பணம் கொடுத்து, போலீஸ் பதிவேடுகளிலிருந்து ஊழியர்களின் பின்னணியை எடுத்தது; தொழிற்சங்கத்தாரும் தப்பவில்லை. ஒருவர் புது பி.எம்.டபிள்யூ கார் ஓட்டுவது எப்படி என்றுகூட விசாரித்தது. 2021இல் வெர்சாய் நீதிமன்றம் 10 லட்சம் யூரோ அபராதம் விதித்தது. இப்படி மறைவாகத் துருவுவதற்கு நம்மிடம் வேவு என்ற சொல் இருக்கிறது. பழந்தமிழில் 'வேய்' என்பதற்கு ஒற்று என்றும் பொருள் உண்டு. ஒற்றாடலைப் பொருட்பாலில் வைத்த வள்ளுவர், வினைசெய்வாரையும் ஆராயச் சொல்கிறார்தான். ஆனால் அது மன்னனின் ஆட்சியைச் சுமப்பவர்களைப் பற்றியது, கடையில் அலமாரி விற்பவரைப் பற்றியதல்ல. 'உள்' அடியாகப் பிறந்த உளவும் பொருந்தும். ஆனால் உளவுத்துறை என்று சொல்லிச் சொல்லி அதற்கு ஓர் அரசாங்க மரியாதை சேர்ந்துவிட்டது. கம்பெனிக்கு அந்த மரியாதை எதற்கு? செய்தி எழுதும் நண்பர்களே, அடுத்த முறை "வேவு பார்த்தது" என்றே எழுதுங்கள்.