இரண்டு லட்ச ரூபாய்க் கருத்து

மேற்குலகைப் பற்றி முஸ்லிம்கள் என்ன எண்ணுகிறார்கள் என்னும் கேள்வி 2001 செப்டம்பருக்குப் பின் விடாமல் கேட்கப்பட்டது. கேலப் நிறுவனம் 2007 வரை 35க்கும் மேற்பட்ட நாடுகளில் 50,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்களிடம் பேட்டி கண்டது. ஜான் எஸ்போசிடோவும் டாலியா மொகாகெதும் அதை நூலாக்கினர். மேற்கின் தொழில்நுட்பத்தையும் சுதந்திரத்தையும் மதிக்கிறோம், அதன் அரசியலைத்தான் வெறுக்கிறோம் என்பதே அவர்களிடம் மேலோங்கி ஒலித்த குரல். உலகம் வியந்தது. கரிசல் பூமிக்காரர்களாகிய நாம் வியக்க வேண்டியதில்லை; தூத்துக்குடிப் பங்குப் பதிவேடு ஒன்று நூறாண்டுக்கு முன்பே அதைச் சொல்லியிருக்கிறது.

ஓட்டப்பிடாரத்தில் 1872இல் பிறந்த வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தது 1906 அக்டோபரில். மூலதனம் 10 லட்சம். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். அவற்றில் 8,000 பங்குகளை ஹாஜி முகமது பக்கீர் சேட் என்னும் ஒரே வணிகர் வாங்கினார். இரண்டு லட்ச ரூபாய்! மொத்த மூலதனத்தில் ஐந்தில் ஒரு பங்கு. வணிகர் வாயால் சொல்வதைவிடக் கைம்முதலை எதில் இறக்குகிறார் என்பதே அவர் கருத்தை அறிய உறுதியான வழி என்பது நம் எண்ணம்.

அந்தக் கருத்துதான் என்ன? ஐரோப்பிய நாகரிகத்தின் மீதான வெறுப்பா? நீராவிக் கப்பல் ஐரோப்பியர் கண்ட பொறி. கூட்டுப் பங்குக் கம்பெனி என்பதும் அவர்கள் வகுத்த முறை. பதிவு செய்ததோ ஆங்கிலேயர் சட்டப்படி. இத்தனையையும் மனமுவந்து ஏற்றுக்கொண்டவர்கள் ஒன்றை மட்டும் ஏற்க மறுத்தார்கள்: தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையிலான கடலை பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி தன் தனிச்சொத்தாக வைத்திருந்ததை. பங்குதாரர் ஆசியராக இருக்கவேண்டும் என்ற விதியில் அக்காலத்தின் காற்றும் வீசுகிறது. ஜப்பான் ருஷ்யாவை வென்றது 1905இல். எகிப்தின் தின்ஷவாய் கிராமத்தில், புறா வேட்டைக்குப் போன ஆங்கில அதிகாரிகளோடு எழுந்த தகராறுக்காக நான்கு பேரைத் தூக்கிலிட்டது, கம்பெனி பதிவாவதற்கு நான்கு மாதங்களுக்கு முன்பு.

இந்தக் கடற்கரை முஸ்லிம்களுக்கு மேற்கு புதிதும் அன்று. 16ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறையில் போர்த்துக்கீசியரோடு மோதினார்கள். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் கீழக்கரைச் சீதக்காதி டச்சுக்காரரோடு வாணிபம் செய்தார். (டச்சுக் கும்பினியின் முத்திரை எழுத்துகளும் வி.ஓ.சி. என்பது வரலாறு செய்த வேடிக்கை.) பகையும் கொடுக்கல் வாங்கலும் ஒரே துறைமுகத்தில் நடந்தன. பின்னர் கிலாபத் காலத்திலும் இதே கதைதான். துருக்கியைக் கூறுபோட்ட 1920ஆம் ஆண்டின் செவ்ர் உடன்படிக்கை மூட்டிய சினத்தை மதவெறி என்று தள்ளிவிடுவது எளிது. கொடுத்த வாக்கு மீறப்பட்டதென்ற மனக்குமுறல் அதில் இருந்ததை நாம் மறக்கலாகாது. அவ்வாண்டுதான் பாரதி பொட்டல்புதூர் சென்று இஸ்லாத்தின் மகிமையைப் பேசினார்.

எனினும், பங்கு வாங்கியோர் அனைவரையும் வீரராக்கிவிடவும் நாம் விரும்பவில்லை. 1907இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் வந்து சேர்ந்தன. பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைக்க, சுதேசிக் கம்பெனி எட்டணாவாக்கியது. பிறகு வெள்ளையர் இலவசமாகவே ஏற்றிச்சென்று குடையும் கொடுத்தார்கள் என்பர். நட்டம் ஏற ஏற இயக்குநர்கள் அஞ்சினார்கள், வ.உ.சி.யின் அரசியல் அவர்களுக்குச் சுமையாயிற்று. இதில் இந்து, முஸ்லிம் என்ற வேறுபாடு இல்லை. முதல் போட்டவரின் அச்சம் பொதுவானது. ஒரு சமூகத்தின் கருத்து என்று ஒற்றைச் சொல்லில் பேசுவோர் இந்த இடத்தில்தான் வழுக்கிவிழுகிறார்கள். அதே வணிகர் 1906இல் ஒன்று நினைத்திருக்கலாம், 1908இல் மற்றொன்று.

1908 மார்ச் 12இல் வ.உ.சி. கைதானார். மறுநாள் திருநெல்வேலி கொதித்தெழுந்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். அவர் சிறையில் இருக்கும்போதே, 1911இல், கம்பெனி கலைக்கப்பட்டது. காலியா கப்பலை வாங்கியது பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி.