எதிர்வாதம்: கடமையா, உரிமையா?

சட்டத் தீர்ப்புத் தொகுப்புகளில் ‘லாங் ஐலண்ட்’ என்று தேடுபவருக்கு நியூயார்க்கின் தீவே முதலில் கிடைக்கும். ரங்கத்திலிருந்து படகேறிச் சேரும் நம் அந்தமான் தீவு எளிதில் கண்ணில் படாது. இந்தப் பெயர்க் குழப்பமே எனக்கு ஒரு வரலாற்று வேறுபாட்டைக் காட்டித் தந்தது.

அமெரிக்காவில் பாலிசிதாரர்மீது வழக்கு வந்தால் அவருக்காக எதிர்வாதம் செய்வது பொதுவாகக் காப்பீட்டு நிறுவனத்தின் கடமை. 1966இல் கிரே எதிர் சூரிச் வழக்கில் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம், இழப்பீடு தரும் கடமையைவிட இக்கடமை விரிந்தது என்றது. அங்கே நீதிமன்றக் கதவைத் தட்டியவர் பாலிசிதாரர்.

இந்திய மோட்டார் வாகன வழக்குகளில் கதவைத் தட்டியது நிறுவனம், கேட்டது உரிமையை. 1939ஆம் ஆண்டுச் சட்டத்தின் 96(2)ஆம் பிரிவு நிறுவனத்துக்குச் சில எதிர்வாதங்களை மட்டுமே அனுமதித்தது. கேப்டன் இட்பார் சிங் வழக்கில் (1959) உச்ச நீதிமன்றம் அவ்வரம்பை உறுதிசெய்தது. ஆனால், பாலிசியில் உரிமை ஒதுக்கிவைத்திருந்தால் வாகன உரிமையாளரின் பெயரால் எல்லா வாதங்களையும் முன்வைக்கலாம் என்று ஒரு வழியையும் திறந்துவைத்தது. உரிமையாளர் வழக்கை எதிர்க்காவிட்டாலோ மனுதாரருடன் கூட்டுச் சேர்ந்தாலோ தீர்ப்பாயத்தின் அனுமதியுடன் நிறுவனமே முழுமையாக வாதிடலாம் என்ற விதி 1969ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்தது. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது 170ஆம் பிரிவாயிற்று. நிக்கோலெட்டா ரோத்தகி (2002), ஷீலா தத்தா (2011) ஆகிய வழக்குகளும் நிறுவனத்தின் உரிமை எதுவரை என்பதையே அலசின.

இவ்விவாதத்தில் உரிமையாளரின் குரலைத் தேடினேன், ஏறத்தாழ இல்லை. மோட்டார் பாலிசியின் வழக்கமான வாசகமே, நிறுவனம் ‘தன் விருப்பப்படி’ எதிர்வாதத்தை ஏற்கலாம் என்றுதான் சொல்கிறது. ரங்கத்தில் ஒரே ஒரு சரக்கு வண்டியை ஓட்டுநரிடம் விட்டிருக்கும் லாங் ஐலண்ட்காரர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். விபத்து நேர்கிறது. ‘கம்பெனி பார்த்துக்கொள்ளும்’ என்று அழைப்பாணையை முகவரிடம் கொடுத்துவிட்டு அவர் ஒதுங்குகிறார். ஓட்டுநரின் உரிமமோ காலாவதியானது. ஸ்வரண் சிங் தீர்ப்பின்படி (2004) உரிமம் இல்லை என்பது மட்டும் போதாது. உரிமையாளர் நியாயமான கவனம் எடுக்கவில்லை என்பதையும் நிறுவனம் மெய்ப்பிக்க வேண்டும். உரிமத்தை வாங்கிப் பார்த்தாரா என்பதை அவரே அறிவார். அவரோ நீதிமன்றத்தில் இல்லை. அவரைக் காக்கும் என்று நம்பிய நிறுவனத்தின் வழக்கறிஞர் அந்நேரம் அவருக்கு எதிராகவே சான்று அடுக்குகிறார்.

பாதிக்கப்பட்டவருக்கு நிறுவனம் பணம் கொடுக்கிறது. பிறகு அதை உரிமையாளரிடமிருந்து வசூலிக்க ஆணை பெறுகிறது. மேல்முறையீடு செய்ய விரும்பினால் அவர் போக வேண்டியது கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் போர்ட் பிளேர் அமர்வுக்கு.