பல்லில்லாத சாட்சி

நைரோபி உயர் நீதிமன்றத்துக்கு ஓர் ஆட்டைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். வாயைத் திறந்தால் உள்ளே பல் இல்லை. கென்யாவில் பாரிங்கோ ஏரிப் பக்கம் ஆடு மாடு மேய்த்துப் பிழைக்கும் இல்சாமுஸ் மக்கள் 2006-இல் போட்ட வழக்கு அது. வழக்கு அரசின் மேல். குற்றவாளி ஒரு மரம். 1980களின் தொடக்கத்தில், விறகுக்கு ஆகும், மண்ணையும் காக்கும் என்று ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பும் அரசும் சேர்ந்து நட்ட மரம். அதன் இனிப்பு நெற்றைத் தின்று தின்றே ஆடுகளின் பல் சொத்தையாகி விழுகிறது என்பது முறையீடு.

அங்கே அதன் பெயர் மதெங்கே. நமக்குப் புதிய மரமில்லை: சீமைக்கருவேல், வேலிக்காத்தான்.

புதர் மண்டிய நிலத்தில் ஆட்டை விட்டால் சுத்தமாகிவிடும் என்பது பழைய நம்பிக்கை. பொய்யும் இல்லை. மாடு குனிந்து புல்லைத் தேடும். வெள்ளாடு நிமிர்ந்து தழையைத் தேடும். பின்னங்கால்களில் எழுந்து நின்று, முன்னங்கால்களைக் கிளையில் ஊன்றி, முள்ளுக்கு நடுவே உதட்டை நுழைத்து இலையை மட்டும் உருவி எடுக்கும் லாகவம் எந்த அரிவாளுக்கும் வராது.

அமெரிக்கத் தென்மாநிலங்களில் இதற்குப் பெயர்போன கதை குட்சுக் கொடி. 1876-இல் பிலடெல்பியா கண்காட்சிக்கு ஜப்பானியர் கொண்டுவந்த அலங்காரக் கொடி அது. 1930களில் மண்ணரிப்பைத் தடுக்கும் என்று அரசே நடச்சொன்னது. நட்டவர்களுக்கு ஏக்கருக்கு 8 டாலர் வரை கொடுத்தது. 1953-இல் பரிந்துரைப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். அதற்குள் கொடி மரம், கம்பம், வீடு எல்லாவற்றையும் போர்த்தியிருந்தது. டென்னசி மாநிலத்துச் சாட்டனூகா நகரம் 2006-இல் மிஷனரி ரிட்ஜ் என்ற மலைச்சரிவில் ஆடுகளை விட்டது. நாய்கள் ஆடுகளைக் கடிக்கவே காவலுக்கு லாமாக்களைச் சேர்க்க வேண்டிவந்தது. குட்சுவின் கிழங்கு மாவுச்சத்தை மண்ணுக்குள் சேமித்துவைக்கும். இலை போனால் அதைச் செலவழித்து மறுபடி துளிர்க்கும். துளிர்க்கத் துளிர்க்க மேய்த்தால் சேமிப்பு கரையும். ஒருமுறை மேய்த்துவிட்டு ஓட்டிக்கொண்டு போனால் கொடிக்கு முடி வெட்டிவிட்ட மாதிரிதான்.

குட்சு கண்காட்சிக்குப் போன அதே 1876-இல், சென்னை மாகாணத்து வன அதிகாரி பெட்டோம், வறண்ட நிலத்துக்கு ஏற்ற ஒரு மரத்தின் விதை வேண்டுமென்று மேலிடத்துக்கு எழுதினார். ஜமைக்காவிலிருந்து வந்த விதை 1877-இல் கடப்பை மாவட்டத்துக் கமலாபுரத்தில் ஊன்றப்பட்டது. அதுதான் சீமைக்கருவேல்.

இங்கே ஆட்டின் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. சீமைக்கருவேல் இலை கசப்பு. பசி முற்றினாலொழிய ஆடு அதில் வாய்வைக்காது. நெற்றோ வெல்லம். நாட்டுக் கருவேலிலும் வெள்வேலிலும் துரட்டி மாட்டி நெற்று உலுக்கிக் கோடையில் ஆட்டைக் காப்பாற்றியவர்கள் நம் மேய்ப்பர்கள். அதே வழக்கம் இந்தப் புதிய நெற்றுக்கும் நீண்டது. மெல்லும்போது கொஞ்சம் விதை நொறுங்கும். நொறுங்காமல் தப்பியது ஆட்டின் வயிற்றைக் கடந்து, கெட்டியான கூடு கழன்று, எருவோடு சேர்ந்தே மண்ணில் விழும். இதைவிட நல்ல நாற்றங்கால் எது?

இராமநாதபுரம், சிவகங்கை கீதாரிகள் கோடையில் தஞ்சைப் பக்கம் மந்தையை ஓட்டிப்போய் வயலில் கிடை போடுவார்கள். இரவில் தட்டிக்குள் அடைந்த ஆடுகள் விடும் புழுக்கையும் மூத்திரமும்தான் அந்த வயலுக்கு உரம். அதற்கு நெல்லோ காசோ கூலி. புழுக்கைக்குள் கருவேல் விதை இருந்தாலும் உழுகிற நிலத்தில் முளை ஏருக்குத் தப்பாது. உழவு நின்ற புஞ்சையில்தான் அது மரமாகும். மழை பொய்த்து, ஆட்கள் வேலை தேடி வெளியூர் போன கிராமங்களில் மரம் ஏறியது அப்படித்தான். பழியை ஆட்டின் மேல் மட்டும் போடுவது சரியல்ல.

ஆடு எதைத் தின்னாது என்பதும் நம் ஊரில் பழைய அறிவுதான். ஒரு செடிக்கே ஆடாதொடை என்று பெயர். ஆடு தொடாதது என்று பொருள் சொல்வார்கள். லின்னேயஸ் 1753-இல் அந்தப் பெயரையே தாவரவியலுக்குள் சேர்த்துக்கொண்டார்.

பாரிங்கோ மக்கள் வழக்கில் வென்றார்கள், மரம் போகவில்லை. நெற்றைப் பொறுக்கி ஆலையில் அரைத்துத் தீவனமாக்கும் வழியைக் கென்யாவில் முயன்றிருக்கிறார்கள். அரைபட்டால் விதை செத்துவிடும், மாவை ஆடு தின்னலாம். உங்கள் ஊர்ப் புறம்போக்கைச் சுத்தம் செய்ய மந்தையைக் கூப்பிடுவதாக இருந்தால், முதலில் மரத்தில் நெற்று தொங்குகிறதா என்று நிமிர்ந்து பாருங்கள். தொங்கினால் அதைப் பறித்து முடித்த பிறகு ஆட்டை விடுங்கள்.