கங்காரு தாய்ப் பராமரிப்பு: ஒரு வரலாற்று நோக்கு

1970களின் இறுதியில், கொலம்பியத் தலைநகர் பொகோட்டாவின் தாய்சேய் மருத்துவமனையொன்றில் இன்குபேட்டர்கள் போதவில்லை. ஒன்றிலேயே பல குறைமாதக் குழந்தைகள் கிடத்தப்பட்டமையால் நோய்த்தொற்று பரவியது. அந்நெருக்கடியில் மருத்துவர் எட்கர் ரே சனாப்ரியா, குழந்தையைத் தாயின் வெற்று மார்போடு அணைத்துக் கட்டி, தாய்ப்பாலூட்டி, விரைவில் வீட்டிற்கு அனுப்பும் முறையைத் தொடங்கினார். மருத்துவர் எக்டர் மார்ட்டினெஸ் அதனை வளர்த்தெடுத்தார்.

இம்முறை நெடுங்காலம் ஏழை நாடுகளுக்குரிய மாற்று ஏற்பாடாகவே கருதப்பட்டது. இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் நிகழ்ந்து 2021இல் வெளியான ஆய்வு அக்கருத்தை மறுத்தது. குழந்தையின் உடல்நிலை சீராகும்வரை காத்திராமல் பிறந்தவுடனேயே இதனைத் தொடங்கியபோது, 28 நாள்களுக்குள் நேரும் இறப்பு 25 விழுக்காடு குறைந்தது. 2022இல் உலகச் சுகாதார அமைப்பும் இதனைப் பரிந்துரைத்தது.

ஆகவே, கருவிகள் வந்த பின்னும் தாயைப் பச்சிளங்குழந்தைப் பிரிவுக்கு வெளியே நிறுத்தும் வழக்கமே மறுஆய்வுக்குரியது.