அந்தக் கம்பி எதற்கு?

1991-ல் புதுக்கோட்டை அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். யாரையும் எதிர்பார்க்காமல் பெண் வெளியே போய்வர வேண்டும் என்பதே தேவை. 1992 மகளிர் தினத்தில் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் மணியடித்தபடி சைக்கிளில் நகருக்குள் வந்தார்கள்.

லேடீஸ் சைக்கிளில் இருக்கைக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே நேர்க்கம்பி கிடையாது. சேலை தடுக்காமல் ஏறி இறங்க அந்த வடிவம். அப்போது லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு. பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளை எடுத்தார்கள். சிலருக்கு அதுவே பிடித்துப்போனது. காரணத்தைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார்: கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாம். என் சித்தி அந்தக் கம்பியில் துண்டைச் சுற்றித்தான் என் தம்பியை உட்காரவைப்பாள்.

என்னிடம் பொதுத்தமிழ் படித்த கணினி மாணவி ஒருத்தி இப்போது சென்னையில் மென்பொருள் சோதிக்கிறாள். அவள் சொல்லித்தான் ‘டிரேசபிலிட்டி மேட்ரிக்ஸ்’ எனக்குத் தெரியும். அது ஓர் அட்டவணை. பயன்படுத்துபவரின் தேவை ஒரு பத்தியில், அதை நிறைவேற்றும் வடிவமைப்புப் பகுதி அடுத்த பத்தியில், அதைச் சரிபார்க்கும் சோதனை அதற்கடுத்து. தேவை மாறினால் எந்தப் பகுதியில் கைவைக்க வேண்டும், ஒரு பகுதியை நீக்கினால் யாருடைய தேவை விழும் என்று உடனே தெரியும்.

“போடுறது சுலபம் மேடம், ஒவ்வொரு மாத்தத்துக்கும் அதையும் திருத்தணும். அதைத்தான் விட்டுடுறாங்க” என்றாள்.

சைக்கிளை அதில் எழுதிப் பார்த்தேன். சேலையோடு ஏற வேண்டும்: தாழ்ந்த கம்பி. பிள்ளையோடு போக வேண்டும்: நேர்க்கம்பி. இரண்டும் பெண்ணின் தேவைதான், ஒன்றோடொன்று மோதுகின்றன. இரண்டையும் எழுதினால்தான் மோதலே கண்ணுக்குத் தெரியும். இரண்டாவது வரி விடுபட்டால், ‘இந்தக் கம்பி பெண்ணுக்கு எதற்கு?’ என்று கேட்டு எடுத்துவிடுவார்கள்.

நம் வரலாற்றிலும் பொருள் மிஞ்சுகிறது, அதைக் கேட்டவள் விடுபடுகிறாள். பதினோராம் வகுப்பில் விலையில்லா சைக்கிள் வாங்கிய பெண்கள் என் வகுப்பில் இருக்கிறார்கள். 1991 பற்றிக் கேட்டேன், பலருக்குத் தெரியவில்லை. அவர்களுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறேன்: உங்கள் வீட்டில் முதலில் சைக்கிள் ஓட்டிய பெண் யார், எங்கே போவதற்காக? இரண்டு பத்தி போதும். அடுத்த வகுப்பு அதைத் தொடர்ந்து எழுதும்.

முதல் வரியில் சித்தியை எழுதிவைத்திருக்கிறேன்.